எட்டாங்கட்டை முனியாண்டி முன்னால் எவ்லின் டீச்சர்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முனியாண்டி கோயிலுக்கு வந்து கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யச் சொல்லி எவ்லின் டீச்சருக்குச் செய்தி வந்தது செவ்வாய்க்கிழமை. நேரில் வந்து சொல்ல ஒருவனுக்கும் துப்பில்லை. வாட்சாப்பில்தான் வந்தது. அதுவும் டீச்சருக்கு வரவில்லை, எனக்கு வந்தது.

எட்டாங்கட்டைத் தோட்டத்துக் கோயில் கமிட்டியின் குழு அது. 'ஒய்பி கோயில் நெலத்த விட்டுக்கொடுக்கலன்னா, வெள்ளிக்கெழம வந்து முனியாண்டி முன்னாடி கற்பூரத்த அடிச்சு அணைக்கட்டும். வரலன்னா நாங்க முடிவு பண்ணிக்கிறோம்.' அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். அந்த விரல்களுக்குச் சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு ஒன்றாம் வகுப்பில் பென்சில் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே எவ்லின் டீச்சர்தான்.

சட்டமன்ற உறுப்பினர் என்று ஜொகூரில் யாரும் நீட்டி முழக்குவதில்லை. மலாய்க்காரர், சீனர், நாம் எல்லோருக்கும் 'ஒய்பி'தான். நான் மட்டும் இன்னும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். அவர் எட்டாங்கட்டைத் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்திய காலமெல்லாம் நான் அங்கே அலுவலகக் கிராணி. பென்ஷன் வாங்கிக்கொண்டு காலை நீட்டி நாடகம் பார்க்க வேண்டிய வயதில் அவருடைய சேவை மையத்தில் வந்து உட்கார்ந்து, ஊரார் ஏச்சுப்பேச்சை எல்லாம் முதல் ஆளாக வாங்கிக் கட்டிக்கொள்கிறேன் என்றால் அது சந்திரமதியின் தலையெழுத்து.

விஷயம் இதுதான். ரெங்கத்துக்கும் பாலோவுக்கும் நடுவில் இருக்கிற அந்தத் தோட்டத்தைக் கம்பெனி விற்றுவிட்டது. வாங்கியவர்கள் செம்பனையை வெட்டித் தள்ளி, தாமான் என்று வரிசை வீடுகள் கட்டுகிறார்கள். லயத்து வீடுகளில் இருந்தவர்களுக்கு அங்கேயே வீடு, முனியாண்டிக்குப் பழைய பள்ளித் திடலை ஒட்டிய மேட்டு நிலம் என்று பேசி முடித்தவர் டீச்சர். அதற்காக அவர் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. இரண்டு வருடம் கழித்து, புதுத் தாமானின் வரைபடத்தைத் தகரப் பலகையில் மாட்டினார்கள். மேட்டு நிலத்தில் கடைவீடுகள். கோயில் போய் நின்ற இடம் கழிவுநீர்க் குளத்து ஓரம்.

கட்டுமானக் கம்பெனிக்காரர்களைக் கேட்டால், உங்கள் ஒய்பி சம்மதித்துவிட்டாரே என்கிறார்கள். யார் சொன்னது என்றால், கோயில் கமிட்டியிலிருந்து ஆள் வந்து ஒய்பியின் சம்மதத்தைச் சொன்னார் என்கிறார்கள். எந்த ஆள் என்றால், அப்போது இருந்த மேலாளர் மாறிப் போய்விட்டார், இப்போது இருப்பவருக்குத் தெரியாது. டீச்சர் யாரையும் அனுப்பவில்லை. அது எனக்குத் தெரியும், ஆனால் நான் சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? நான் அவர் ஆள்.

ஊருக்குள் பேச்சு வேறு மாதிரி ஓடியது. அவர் வேதக்கார அம்மாதானே, முனியாண்டி சாக்கடை ஓரம் உட்கார்ந்தால் அவருக்கென்ன என்று முதலில் யார் சொன்னார்களோ தெரியாது. ஒரு வாரத்தில் எல்லார் வாயிலும் அதுவே இருந்தது. முப்பது வருடமாக அவர் பொட்டு வைத்துக்கொள்ளாததைக் கவனிக்காதவர்கள் எல்லாம் இப்போது கவனித்தார்கள்.

தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. கட்சியின் தொகுதித் தலைவர் ஹேமநாதன் சேவை மையத்துக்கே வந்து, இந்தக் கோயில் தகராறு தீராமல் வேட்பாளர் பட்டியலில் பெயர் போகாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார். டீச்சர் அதற்குப் பெரிதாக அசையவில்லை. பதவி போனால் வீட்டில் பூச்செடி இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவரை அரித்தது வேறு. எட்டாங்கட்டைச் சனங்கள் தன்னைப் பொய்க்காரி என்று நினைக்கிறார்கள் என்பதை அவரால் விழுங்க முடியவில்லை. அந்த மாதத்தில் அவர் சாப்பிட்டதை ஒரு பூனைக்கு வைத்தால் பூனை கோபித்துக்கொண்டு போய்விடும்.

டீச்சர் பிறந்தது பாலோ. அப்பா தண்டவாளம் பார்க்கிற ரயில்வே தொழிலாளி. வீட்டில் மாதா படமும் தினம் ஜெபமாலையும். பயிற்சிக் கல்லூரி முடித்ததும் எட்டாங்கட்டைக்கு வேலை போட்டார்கள். முதல் நாள் அப்பாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, சேலை முழுக்கச் சேற்றோடு வந்து இறங்கிய அந்தப் பெண்ணைப் பார்த்து, ஒரு வருடம் தாங்கினால் அதிசயம் என்று நான் தலைமையாசிரியரிடம் சொன்னேன். பட்டணத்துப் பள்ளிக்கு மாற்றல் தேடிப் பலமுறை வந்தது. ஒன்றையும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அடிக்க மாட்டார். குரலைக்கூட உயர்த்த மாட்டார். அவர் வகுப்பில் ஒரே ஒரு கண்டிப்புத்தான்: 'சத்தியமா' என்ற சொல் வாயில் வரக் கூடாது. தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பேச்சுக்குப் பேச்சு அம்மா மேல் சத்தியம், சாமி மேல் சத்தியம், தலையில் அடித்துச் சத்தியம். பென்சிலை எடுக்கவில்லை என்பதற்குக்கூடப் பக்கத்துப் பிள்ளையின் தலையில் கையை வைத்துவிடுவார்கள். சொன்னால் போதும், நான் நம்புவேன் என்பார் டீச்சர். ஆரம்பத்தில் எனக்கு அது வேதக்காரர்களின் வழக்கமாக இருக்கும் என்று பட்டது. குணாளன் விஷயம் நடந்த பிறகுதான் அதன் அருமை புரிந்தது.

குணாளன் அப்போது இரண்டாம் வகுப்பு. பக்கத்தில் இருந்த பையனின் வாசனை அழிப்பான் காணாமல் போனது. நான் எடுக்கவில்லை, அம்மா மேல் சத்தியம் என்று கத்தினான். சத்தியம் வேண்டாம் என்று டீச்சர் சொல்லச் சொல்ல, திரும்பத் திரும்பக் கத்தினான். அழிப்பான் அவன் கால்சட்டைப் பையில்தான் இருந்தது. அதே வாரம், தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்க விடியற்காலையில் ரோட்டைக் கடந்த அவன் அம்மா கஸ்தூரியை ஒரு லோரி அடித்துப் போட்டுவிட்டது.

பையன் பேச்சை நிறுத்திவிட்டான். துக்கம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஒரு நாள் அந்த அழிப்பானைக் கொண்டுவந்து டீச்சரின் மேசையில் வைத்துவிட்டு, நான்தான் அம்மாவைக் கொன்னுட்டேன் என்றானாம். டீச்சர்தான் அதை என்னிடம் சொன்னார். அன்றிலிருந்து தினம் பள்ளி விட்டதும் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். என் அறை ஜன்னல் வழியாகக் கேட்கும். "ஒன்னால இல்லடா. ஒன்னால இல்ல." அந்த ஒரே வாக்கியத்தை எத்தனை மாதம் சொன்னார் என்று எனக்கு நினைவில்லை. அவன் மறுபடி பேசினான், சிரித்தான், கால்பந்து ஆடினான். ஆனால் சத்தியம் என்ற சொல்லை அதற்குப் பிறகு அவன் வாயில் யாரும் கேட்டதில்லை.

டீச்சர் அரசியலுக்கு வந்தது ஆசைப்பட்டு வந்ததல்ல, கோபப்பட்டு வந்தது. பள்ளிக்கு வரும் வழியில் ஒரு மரப்பாலம் இருந்தது. மழைக்காலத்தில் அது முழுகிவிடும், பிள்ளைகள் வீட்டிலேயே கிடப்பார்கள். பாலம் கேட்டு டீச்சர் பெற்றோரைத் திரட்டிக்கொண்டு போய் நின்ற இடங்களில் எல்லாம், வாக்குறுதி கொடுத்து, பாலில்லாத தே ஓ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். கடைசியில் ஒரு நாள் மாவட்ட அலுவலக வாசலில் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து அங்கேயே வாய்ப்பாடு நடத்தினார். படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. பாலமும் வந்தது. அதற்குப் பின்னால் கட்சியும் வந்தது.

அரசாங்க ஆசிரியர் தேர்தலில் நிற்க வேண்டுமானால் வேலையை விட வேண்டும். கணவர் திமோத்தி ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. டீச்சர் முன்கூட்டியே ஓய்வு எழுதிக் கொடுத்தார். பிரச்சாரத்தில் அவருக்கு எல்லாமாக இருந்தவன் குணாளன்தான். அதற்குள் அவன் சொந்தமாக லோரி வாங்கி மண் அடிக்கிற வேலை செய்துகொண்டிருந்தான். அந்த லோரியிலேயே கொடி கட்டி, ஒலிபெருக்கி வைத்து, லயம் லயமாக, மலாய்க்காரர்களின் கம்பம் கம்பமாக அவரைக் கொண்டுபோய் இறக்கினான். மிகக் கொஞ்சமான வித்தியாசத்தில் டீச்சர் ஜெயித்தார். அன்று எங்களைவிட அதிகமாக அழுதவன் அவன். கெலாங் பாத்தா பக்கம் இருக்கிற சட்டமன்றத்துக்கு டீச்சர் முதல்முறை போன அன்று, புதுச்சட்டை போட்டுக்கொண்டு வாசலில் காத்திருந்தான்.

பிறகு கொஞ்சம் விலகிப் போனான். புதுத் தாமானில் மண் அடிக்கிற கொன்ட்ரேக்குக்குத் தனக்காக ஒரு வார்த்தை சொல்லச் சொல்லி டீச்சரைக் கேட்டான். கோயில் நிலம் பேசுகிற இடத்தில் என் ஆளுக்கு வேலை கேட்க முடியாது என்று டீச்சர் மறுத்துவிட்டார். அவன் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். ஆனால் கொன்ட்ரேக் எப்படியோ அவனுக்கே கிடைத்துவிட்டது. கெட்டிக்காரன், தானே பேசி வாங்கிக்கொண்டான் என்று டீச்சர் சந்தோஷம்கூடப் பட்டார். கோயில் கமிட்டிக்கும் அவன்தான் செயலாளர்.

செவ்வாய்க்கிழமை செய்தியைக் காட்டியதும் டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். போகவே கூடாது என்றார் திமோத்தி. தவக்காலத்து வெள்ளி, குளுவாங் மாதா கோயிலில் சிலுவைப்பாதைக்குப் போக வேண்டியவள் முனியாண்டி முன்னால் கற்பூரம் அடிப்பதா என்று கேட்டார். ஹேமநாதன் போனில், போனாலும் தப்பு, போகாவிட்டாலும் தப்பு, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று நழுவிக்கொண்டார். தலைவர் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

நான் மட்டும் போகச் சொன்னேன். உண்மை உங்கள் பக்கம் இருக்கும்போது எதற்குப் பயம், அடித்து அணைத்துவிட்டு வாருங்கள், எங்கள் முனியாண்டி ஆள் பார்க்க மாட்டார் என்றேன்.

"சின்னப் பிள்ளைங்ககிட்டயே சத்தியம் கேட்காதவ நானு, மதிக்கா."

"நீங்க கேட்க மாட்டீங்க. அவங்க கேக்கிறாங்களே, டீச்சர்."

வெள்ளிக்கிழமை போவது என்று முடிவானது. என் காரில்தான் போனோம். வெட்டிப் போட்ட செம்பனை மரங்கள் வழியெல்லாம் அழுகிக் கிடந்தன. டீச்சர் மடியில் கையைக் கோத்து வைத்துக்கொண்டு உதட்டுக்குள் எதையோ ஜெபித்துக்கொண்டு வந்தார்.

இவ்வளவு கூட்டம் வரும் என்று நான் நினைக்கவில்லை. திருவிழாவுக்கு வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இளவட்டங்கள் முன்வரிசையில். டீச்சர் இறங்கியதும் பேச்சு நின்றது. வழக்கமாக வணக்கம் சொல்கிறவர்கள் தரையைப் பார்த்தார்கள். வழிவிட்டார்கள், அவ்வளவுதான். குணாளன் பூசாரி மூர்த்திக்குப் பக்கத்தில் நின்றான். அவன் மனைவி லோஷினி பெண்கள் பக்கத்தில் மகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லோஷினிக்குச் சிங்கப்பூரில் வேலை, வெள்ளிக்கிழமைதான் வீட்டுக்கு வருவாள். வந்த களைப்போடு, தோளில் மாட்டிய பையைக்கூட இறக்காமல் நின்றாள்.

டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு முனியாண்டிக்கு முன்னால் போய் நின்று, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். வகுப்பில் பேசுகிற அதே குரலில்தான் பேசினார். தான் யாரிடமும் சம்மதம் சொல்லவில்லை, தன் பெயரில் பேச யாரையும் அனுப்பவில்லை, மேட்டு நிலம் திரும்பி வரும்வரை விடப்போவதும் இல்லை என்றார். முடித்ததும் யாரும் கை தட்டவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது. "பேச்செல்லாம் வேணாம், ஒய்பி. கற்பூரத்த அடிங்க."

மூர்த்தி வெற்றிலையில் கற்பூரக் கட்டிகளை வைத்து ஏற்றினார். அவர் பிள்ளைகளும் டீச்சரிடம் படித்தவர்கள்தான். தீ எழும்பி நின்றது. டீச்சர் அதைப் பார்த்தார். இத்தனை வருடம் காத்த பிடிவாதத்தை அந்த ஒரு நிமிடத்தில் அவர் விட்டுக்கொடுப்பதை என் கண்ணால் பார்த்தேன். என் கைதானே சுடும் என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். பிறகு, நான் சம்மதம் சொல்லவில்லை என்று உரக்கச் சொல்லிவிட்டு உள்ளங்கையால் ஓங்கி அடித்தார். தீ அணைந்தது. கற்பூரம் கையில் ஒட்டிக்கொண்டு ஒரு கணம் உள்ளங்கையிலேயே எரிந்தது. அதை உதறவும் அவருக்குத் தோன்றவில்லை. நான்தான் ஓடிப்போய் முந்தானையால் துடைத்தேன்.

தீர்ந்தது என்று நினைத்தேன்.

"அவங்களுக்கு முனியாண்டி மேல பயமா, பக்தியா? ரெண்டும் கெடையாது. வேதக்காரங்க அடிச்சா அது வெறும் நெருப்புதான் லா" என்றான் ஒருவன். கூட்டம் சலசலத்தது. ஆமாம், அது செல்லாது என்றார்கள். செல்லும் என்று ஒன்றிரண்டு கிழவர்கள் சொன்னதைக் கேட்க ஆள் இல்லை. என்னால் அடக்க முடியவில்லை. கூப்பிட்டது நீங்கள், இடம் சொன்னது நீங்கள், இப்போது செல்லாது என்று சொல்வதும் நீங்களா என்று தொண்டை கிழியக் கத்தினேன். யாரோ என்னைப் பிடித்து ஓரமாகத் தள்ளினார்கள்.

அப்போதுதான் குணாளன் வாயைத் திறந்தான். அவன் டீச்சரைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்த்துத்தான் பேசினான். "டீச்சருக்கு உசுரு பிள்ளைங்க மேலதான். அது எல்லாருக்கும் தெரியும். பிள்ளை தலையில அடிச்சு சத்தியம் பண்ணட்டும். அதுக்கு மேல நம்ம ஒண்ணும் கேக்க வேணாம்."

கூட்டம் அடங்கியது. தலையில் அடிக்கிற சத்தியம் பொய்த்தால் அந்தப் பிள்ளைக்கு ஆகாது. இது எங்கள் ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். யாருடைய பிள்ளை என்று மூர்த்தி கேட்டார். முன்னால் நின்ற பெண்கள் தங்கள் பிள்ளைகளைத் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். ஒருத்தி மகனைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தை விட்டே போய்விட்டாள். பிள்ளை கொடுக்க ஒருவரும் இல்லை. அது டீச்சர் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது, கற்பூரம் சுட்டதுகூட அவரை அப்படி வாட்டவில்லை. அவர் சொல்லில் நம்பிக்கை வைத்து ஒரு பிள்ளையை நிறுத்த எட்டாங்கட்டையில் ஒரு வீடு இல்லை.

"என் பிள்ளை இருக்கா" என்றான் குணாளன்.

போய் லோஷினியின் கையிலிருந்து மகளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை. அவன் அம்மாவின் பெயரையே வைத்திருந்தான், கஸ்தூரி. பள்ளிச் சீருடையைக்கூட இன்னும் மாற்றவில்லை. கூட்டத்தில் பெருமூச்சு எழுந்தது. கோயிலுக்காகப் பெற்ற பிள்ளையையே நிறுத்துகிறானே, இவனல்லவா மனிதன் என்று என் பக்கத்தில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குக்கூட ஒரு கணம் மலைப்பாக இருந்தது. பிள்ளையை டீச்சருக்கு முன்னால் நிறுத்தி, இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டான்.

டீச்சர் அந்தப் பிள்ளையின் உச்சந்தலையைப் பார்த்தார். இரட்டைச் சடை, நடுவில் கோணல் வகிடு. சுட்ட கை பாதி தூரம் எழுந்தது. வையுங்கள், வைத்துத் தொலையுங்கள் என்று என் மனசு அடித்துக்கொண்டது. ஒரு தொடுதலில் எல்லாம் முடிந்துவிடும். உண்மை சொல்பவருக்கு என்ன?

கை கீழே இறங்கியது.

"மாட்டேன்" என்றார்.

"அப்ப ஒத்துக்கிறீங்களா?" என்றது கூட்டம்.

"ஒத்துக்கல. நான் சம்மதம் சொல்லல. ஆனா பிள்ளை தலையில கை வைக்க மாட்டேன். என் பேரைக் காப்பாத்த ஒரு பிள்ளைய முன்னால நிறுத்துற ஆளு நான் இல்ல."

அதற்குப் பிறகு அவர் பேசியது யாருக்கும் கேட்கவில்லை. மாட்டிக்கிட்டாங்க, கை வைக்க முடியல பாரு என்று நாலா பக்கமும் சத்தம். கைப்பேசிகள் இன்னும் உயரத் தூக்கப்பட்டன. யாரோ தண்ணீர்ப் போத்தலை எறிந்தான். அது டீச்சரின் காலடியில் விழுந்து உருண்டது. அவர் நகரவில்லை. நான் அவர் கையைப் பிடித்து, போய்விடலாம் டீச்சர் என்று அழுதேன். அவர் போகவில்லை. எட்டாங்கட்டையில் அவருக்கு இருந்த பெயர் என் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது.

சத்தத்தில் பிள்ளை மிரண்டுவிட்டது. "ப்பா, எனக்கு பயமா இருக்கு. நான் செத்துடுவனா?" என்று கேட்டுத் தேம்பியது. குணாளன் குனிந்து அதன் கண்ணைத் துடைத்தான்.

"ஒண்ணும் ஆகாதும்மா. அப்பா சொல்றேன்ல. டீச்சர் கை வச்சா ஒனக்கு ஒண்ணுமே ஆகாது."

அவன் பிள்ளையைத் தேற்றத்தான் சொன்னான். எந்த அப்பனும் சொல்வதுதான். ஆனால் லோஷினி அதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பக்கத்தில் வந்துவிட்டாள். மகளைப் பறித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தாள்.

"ஒண்ணும் ஆகாதுன்னு ஒங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

அவள் விடவில்லை. "வீட்டுல பாப்பா விளையாட்டுக்கு சத்தியம்னு சொன்னாக்கூட வாயப் பொத்துவீங்க. என்னை ஒரு தடவ அதுக்காக அடிச்சிருக்கீங்க. டீச்சர் பொய் சொல்றாங்கன்னு நெனச்சிருந்தா பாப்பாவ இங்க நிறுத்தியிருப்பீங்களா? அவங்க சொல்றது நெசம்னு ஒங்களுக்குத் தெரியும். எப்படித் தெரியும்?"

முன்வரிசை முதலில் அடங்கியது. பிறகு, என்ன கேட்டாள், என்ன கேட்டாள் என்று பின்னால் வரை போய், ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. பிள்ளைகளைப் பின்னால் இழுத்துக்கொண்ட பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சர் பொய் சொல்லலாம் என்று நினைத்தவர்கள் எல்லாம் பிள்ளையை மறைத்துக்கொண்டார்கள். மறைக்காதவன் ஒருவன்தான். எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

குணாளன் முனியாண்டியைப் பார்த்தான். பிறகு மகளைப் பார்த்தான். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். கொன்ட்ரேக்குக்காக, ஒய்பி சரி என்று சொன்னார் என்று கம்பெனியில் போய்ச் சொன்னது தான்தான் என்று ஒப்புக்கொண்டான். கடைவீட்டுக்கு மேட்டு நிலம் கேட்டார்கள், இப்படிக் குளத்து ஓரம் தள்ளுவார்கள் என்று தெரியாது என்றான். பலகையைப் பார்த்ததும் பயந்துபோய் டீச்சர் மேல் திருப்பிவிட்டானாம். வேதக்கார அம்மா கற்பூரம் அடிக்க வர மாட்டார் என்று நினைத்தானாம். வந்துவிட்ட பிறகு எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லையாம்.

கூட்டம் அவன் மேல் பாய்ந்தது. போத்தல் எறிந்தவன்தான் முதலில் பாய்ந்தான். டீச்சர் குறுக்கே போய் நின்று, எட்ட நில்லுங்கள் என்றார். வகுப்புக் குரல்தான். அத்தனை தடியன்களும் நின்றார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பத்திரிகையில் வந்தது. கம்பெனிக்காரர்கள் வரைபடத்தை மாற்றினார்கள், மேட்டு நிலம் முனியாண்டிக்குத் திரும்பியது. கட்சிப் பட்டியலில் டீச்சர் பெயர் முதலிலேயே இருந்ததாக ஹேமநாதன் கூச்சமில்லாமல் பேட்டி கொடுத்தார். 'ஆசிரியையின் வெற்றி' என்று ஒரு பத்திரிகை தலைப்புப் போட்டது. டீச்சர் அதைப் படித்துவிட்டு மடித்து ஜன்னல் துடைக்க எடுத்துக்கொண்டார்.

பத்திரிகைக்காரன் பார்க்காதது ஒன்று உண்டு. கூட்டம் ஓரளவு கலைந்த பிறகும் குணாளன் எழுந்திருக்கவில்லை. யார் அடிப்பார்கள், யார் ஏசுவார்கள் என்ற நினைப்பெல்லாம் அவனிடம் இல்லை. திருநீற்றுத் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு மகளின் நெற்றியில், தலையில், கழுத்தில் அள்ளி அள்ளிப் பூசிக்கொண்டிருந்தான். பிள்ளையின் முகமே தெரியவில்லை. அம்மா மாதிரி, அம்மா மாதிரி என்று முனகினான். லோஷினி பிள்ளையை வாங்கப் பார்த்தாள், அவன் விடவில்லை. பொய்க்குப் பிள்ளையை முனியாண்டி முன்னால் நிறுத்திவிட்டான். அழிப்பானைப் பையில் வைத்துக்கொண்டு கத்திய அதே இரண்டாம் வகுப்புப் பையன்தான் அங்கே உட்கார்ந்திருந்தான்.

டீச்சர் அவனுக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்தார். எனக்கு அந்தப் பழைய வாக்கியம் நினைவுக்கு வந்தது. இன்றைக்கும் அதைச் சொன்னால் நான் இவரோடு பேசவே மாட்டேன் என்று மனசுக்குள் கருவிக்கொண்டு நின்றேன். அவருக்கும் அது தொண்டைவரை வந்திருக்க வேண்டும். இந்த முறை அதைச் சொல்ல அவருக்கு வழியில்லை, எல்லாம் இவனால்தானே.

சுட்டுக் கொப்பளித்த அந்தக் கையை அவன் முன்னால் விரித்துக் காட்டினார்.

"இங்க பாருடா, குணா. நான் கை வைக்கல. சத்தியம் நடக்கவே இல்ல. பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது."

அவன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பிள்ளையை லோஷினியிடம் விட்டான்.